துண்டுக்கு அடியில் வாங்கிய வெயில்

பங்காளி வாழ்ந்தால் பத்து நாள் பட்டினி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சகலை வாழ்ந்தால் எத்தனை நாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால் பால்சாமி அத்தனை நாள் மட்டும் கிடந்துவிட்டு எழுந்து சாப்பிட்டிருப்பார். கணக்குத் தெரியாமல் போனதால் மனிதர் வருஷக்கணக்காக நெஞ்செரிச்சலோடு திரிந்தார். டாக்டர் அதற்கு மாத்திரை கொடுத்தார். அது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை என்று அருப்புக்கோட்டையில் நூல் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

நான் டவுனுக்குள் தறி ஓட்டுகிறவன். லுங்கி. பால்சாமியின் நூலைத்தான் ரொம்ப காலம் வாங்கினேன். அந்தப் பழக்கத்தில் அவரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததை அவர் மில்லில் வேலை பார்த்த வெள்ளைத்தாய் சொன்னாள்.

மில் திருச்சுழி போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து கருவேல மரங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மில் என்றதும் பெரிய கேட்டும் சங்கும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கொட்டகை, உள்ளே பழைய மிஷின்கள், வெளியே ஒரு லாரி திரும்புகிற அளவுக்கு இடம். பெரிய மில்கள் கழித்துப் போடுகிற பஞ்சை வாங்கி, லுங்கிக்கும் போர்வைக்கும் ஆகிற தடித்த நூலாக நூற்பதுதான் தொழில்.

பால்சாமி திருச்சுழிக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டை நம்பி இருந்த வீட்டுப் பிள்ளை. அப்பா மாட்டுத் தரகும் பார்த்தார். மழை பொய்த்த ஒரு வருஷம் பையன் டவுனுக்கு வந்து பஞ்சுக் கடையில் எடை போட்டான். அப்புறம் பஞ்சு வாங்கி விற்றான். அப்புறம், பூட்டிக் கிடந்த இந்த மில்லை யாரும் கேட்காத விலைக்கு வாங்கினான். ஊரே சிரித்தது. ஏன் பூட்டிக் கிடந்தது என்று ஊருக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் கிடையாது. பகலில் பஞ்சு முறுக்கேறும்போதே நூல் அறுந்து அறுந்து விழும். மற்ற மில்களில் காற்றில் ஈரம் போடுவதற்கென்றே ஒரு பிளான்ட் இருக்கும். அந்தக் கொட்டகையில் அது இல்லை. அதனால்தான் முன்னாடி வைத்திருந்தவர் ஓடிப்போனார்.

பால்சாமி என்ன செய்தார் தெரியுமா? பகலில் மில்லைப் பூட்டினார். ராத்திரி ஓட்டினார்.

ராத்திரியில் காற்று குளிர்ந்து, கொஞ்சம் ஈரம் இறங்கும். நூல் அறுபடாது. பெரிய கனெக்‌ஷன்காரர்களுக்கு மின்வாரியம் காலையும் சாயங்காலமும், எல்லோரும் கரண்டு இழுக்கிற அவசர நேரத்தில், கூடுதல் ரேட்டு போடும், ராத்திரி பத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்கும். அதனால் கரண்டும் மலிவு. ஆளும் கிடைத்தது. திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலிருந்து வெள்ளைத்தாய் ஒரு செட்டு ஆட்களைக் கூட்டி வந்தாள். அவர்களுக்குப் பகலில் ஆடு இருந்தது, மிளகாய்க் காடு இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது. பகல் வேலைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். ராத்திரி என்றால் வேனில் ஏறிவிடுவார்கள், விடிந்ததும் ஊர் போய்க் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்துவார்கள். ஒரு மனிதன் மூளையால் ஒரு மில்லை ஓட்டினான் என்றால் அது பால்சாமிதான். ஊர் அதற்கு ஆந்தை மில் என்று பேர் வைத்தது. நூல் மட்டும் தங்கமாக இருந்தது.

இப்போது சகலைக்கு வருகிறேன்.

பால்சாமியின் மாமனார் வீடு காரியாபட்டியில். பெண்கள் இரண்டு. மூத்தவள் சந்தனம்மாள் பால்சாமிக்கு. இளையவள் முருகலட்சுமி வீரபாண்டிக்கு. அந்த வீட்டில் மூத்த மருமகன் வார்த்தைக்கு ஒரு எடை உண்டு. நிலம் விற்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும், "பெரியவுக என்ன சொல்றாகன்னு கேட்டுக்குவோம்" என்பார் மாமனார். பால்சாமிக்கு உலகத்தில் இருந்த ஒரே பதவி அது. அதற்காகவே மாதத்துக்கு ஒரு தடவையாவது காரியாபட்டி பஸ் ஏறுவார்.

வீரபாண்டி படித்தவன். பந்தல்குடி ரோட்டில் லோன் போட்டு மில் கட்டினான். புது மிஷின், ஈரம் போடுகிற பிளான்ட், மூன்று ஷிப்ட். பார்க்கிறவர்கள் எல்லாம், "ஒங்க சகலை மில்லு அரமணை மாதிரி இருக்கே" என்று பால்சாமியிடமே சொன்னார்கள். சொன்னவர்கள் ஊமையாகப் போகக்கூடாதா என்று அவருக்கு இருந்தது. ஆனால் ஒரு ஆறுதல் கையில் வைத்திருந்தார். கரண்டு. மூன்று ஷிப்டும் ஓட்டுகிறவன் அவசர நேரத்து ரேட்டையும் கட்டித்தானே ஆகவேண்டும்? கல்யாணம் காட்சியில் வீரபாண்டியைப் பார்த்த உடனே பால்சாமி கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"என்ன தம்பி, பில்லு எம்புட்டு வந்துச்சு?"

வீரபாண்டி சொல்லுவான். பால்சாமி, "அடடா" என்று உச்சுக் கொட்டுவார். அன்றைக்கு அவருக்கு இரண்டு கை சோறு கூட இறங்கும்.

ஒரு ஆவணி மாதம், மாமனாரின் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் சகலைகள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. பால்சாமி வழக்கம்போலக் கேட்டார். வீரபாண்டி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நான் போர்டு கரண்ட விட்டுட்டேண்ணே. காத்தாலைக்காரன்கிட்ட வாங்குறேன். யூனிட்டுக்கு ஒண்ணர ரூவா கொறச்சல்" என்றான்.

இது பெரிய கனெக்‌ஷன்காரர்களுக்கு மட்டும் உள்ள யோகம். என்னைப் போலத் தறிக்காரர்கள் மீட்டர் காட்டியதைக் கட்டவேண்டியதுதான். அவர்கள் மட்டும் கடை கடையாக ஏறி இறங்கி ரேட்டு கேட்கலாம். காற்றாலைக்காரனோ சோலார்க்காரனோ எங்கேயோ ஒரு ஊரில் கரண்டை வாரியத்தின் கம்பியில் ஊற்றுவான், வாரியம் அந்த யூனிட்டை மில்காரர் பில்லில் கழித்துக்கொள்ளும், கம்பிக்கு வாடகை எடுத்துக்கொள்ளும். கரண்டு செய்கிற கம்பெனியில் மில்காரர் கொஞ்சம் பங்கும் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கும்போது எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

மாமனாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "காத்த வாங்கிக் காசு பண்றாகளே சின்னவுக" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அதோடு விடவில்லை. கைகழுவப் போகிற வழியில், "அந்த மதுர ரோட்டு எடம் விஷயமா ஒங்ககிட்ட ஒரு ரோசன கேக்கணும்" என்று வீரபாண்டியின் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனார். பெரியவரைக் கூப்பிடவில்லை. பால்சாமி பாயாசத்தை இலையிலேயே மூடிவிட்டு எழுந்தார். அதை சந்தனம்மாள் பார்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது கல்குறிச்சி தாண்டியதும் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவன் ரேட்ட விட கீழ வாங்கிக் காட்டுறேன்."

"யாரு ரேட்ட?" என்று கேட்டாள் சந்தனம்மாள்.

"ஒன் தங்கச்சி புருசன் ரேட்ட."

அடுத்த வாரமே கரண்டுக் கடைகளில் ஏறி இறங்கத் தொடங்கினார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்தான். சந்தையில் வாங்கித் தருகிறேன், ஆனால் ரேட்டு கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும் என்றான். "தக்காளிக்கே தாங்காது, கரண்டுக்கா?" என்று பால்சாமி அனுப்பிவிட்டார். அப்புறம் காற்றாலைக்காரர்கள் வந்தார்கள். வீரபாண்டிக்குக் கொடுத்த அதே ரேட்டு என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிந்துவிட்டது. "அவன் உடுத்துன வேட்டிய நான் கட்டவா?" என்று கேட்டார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் வந்தாலும் பால்சாமி கேட்டது ஒரே கேள்விதான். எப்போது கரண்டு வரும், எந்த மாதம் குறையும், கம்பி வாடகை யார் கட்டுவது என்று ஒன்றும் கேட்கவில்லை. "எங்க சகலை ரேட்டுக்கு மேலயா, கீழயா?" இவ்வளவுதான்.

கீழே என்று சொன்னவர் இம்மானுவேல். சோலார்க் கம்பெனிக்காரர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட நல்ல மனிதர். கருவேலங்காட்டை அழித்துப் பரப்பிய சோலார்ப் பலகைகள் அவருடைய கம்பெனியுடையவை. காற்றாலையை விட யூனிட்டுக்கு ஒரு ரூபாய் குறைவு என்றார். பால்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே உட்கார்ந்தார்.

அன்றைக்கு நூல் பாக்கியைக் கொடுப்பதற்காக நானும் அங்கே இருந்தேன். மில் எலக்ட்ரீஷியனும் இருந்தான். வீரபாண்டியின் மில்லுக்கும் போகிற எலக்ட்ரீஷியன் அவன். அவன் காதில் ரேட்டு விழக்கூடாது. பால்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "கையக் குடுங்க" என்றார். இம்மானுவேல் கைகுலுக்கத்தான் கேட்கிறார் என்று நீட்டினார். பால்சாமி அந்தக் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடினார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் ரூபாய், விரல் கணுவைப் பிடித்தால் காசு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவிடம் கற்றது. இம்மானுவேல் நெளிந்தார், அப்புறம் பிடிபட்டது, சிரித்துக்கொண்டே அவரும் விரலைப் பிடித்தார். இன்னும் இருபது காசு இறங்கினாராம்.

கையை எடுத்துக்கொண்டு அவர் கேட்டார். "சார், ஒன்னு கேக்கணும். இது பகல்ல வர்ற கரண்டு. பகல்ல வந்த யூனிட்ட பகல் ஓட்டத்துலதான் கழிப்பாங்க. பேசுன யூனிட்டுல முக்கால்வாசிய நீங்க எடுத்தாலும் எடுக்காட்டியும் எங்களுக்குப் பணம் வந்தாகணும். உங்க மில்லு பகல்ல எவ்வளவு ஓடும்?"

நான் பால்சாமி முகத்தைப் பார்த்தேன். ஆந்தை மில் என்று தன் வாயால் சொல்லவேண்டும். பந்தல்குடி ரோட்டில் மூன்று ஷிப்ட் ஓடுகிற அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த மனிதரிடம் சொல்லவேண்டும்.

"மில்லுன்னா பகல்ல ஓடாம?" என்றார் பால்சாமி.

துண்டுக்கு அடியில் ரேட்டைத்தான் பேச முடியும். நேரத்தைப் பேச விரல் கிடையாது.

வீட்டில் சந்தனம்மாள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நம்ம மில்லு ராத்திரில ஓடுற மில்லு. வெயில வாங்கி என்ன செய்யப் போறீக?"

"பகலுக்கு மாத்திக்கிறேன்."

"நூலு அறுந்துருமே. நீங்கதான சொல்லுவீக?"

"தண்ணி தெளிச்சா சரியாப் போகும். ஒனக்கு ஒன் தங்கச்சி ஒசந்து நிக்கணும், அதான?"

அவளுக்கு அது தைத்துவிட்டது. தங்கச்சி மேல் அவளுக்கும் ஒரு எரிச்சல் உண்டு. முருகலட்சுமி போனில் பேசும்போது வேண்டுமென்றே ஏ.சி. சத்தம் கேட்கிற மாதிரி உட்கார்ந்து பேசுகிறாள் என்று அவள் எண்ணம். அதனால் அப்புறம் வாய் திறக்கவில்லை. காகிதங்கள் ஆபீஸ் ஆபீஸாகப் போய் வர மாசி மாதம் ஆனது. பங்குப் பத்திரத்தை பால்சாமி கண்ணாடி போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். பங்குனியில் வெயில் கரண்டு வந்தது.

வந்த அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு வீரபாண்டி மில்லுக்குப் போனார். அந்த வாசலை அதற்கு முன் அவர் மிதித்ததே இல்லை. நின்றபடியே ரேட்டைச் சொன்னார். துண்டு போடவில்லை, உரக்கவே சொன்னார். வீரபாண்டியின் முகம் ஒரு நொடி சுருங்கியது. "நல்ல ரேட்டுண்ணே" என்றான். அந்தச் சுருக்கத்தை பால்சாமி வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவருக்கு நெஞ்செரிச்சல் இல்லை. மாத்திரை போடாமலே தூங்கினார்.

மறுநாள் காலையில் வேலை முடிந்து வேன் ஏறப் போன வெள்ளைத்தாயை நிறுத்தினார்.

"இனிமே பகல் ஷிப்ட் மட்டுந்தேன். காலைல வந்து சாயங்காலம் போங்க. ராத்திரி கெடையாது."

வெள்ளைத்தாய் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "பகல்ல எங்களுக்கு வேற பொழப்பு இருக்குல்ல மொதலாளி? இது மொளகா பழம் எடுக்குற மாசம். ஆட்ட யாரு மேய்ப்பா?"

"ராத்திரி முழிக்கிற கஷ்டம் ஒங்களுக்கு வேணாம்னுதேன் மாத்துறேன்."

"நாங்க கஷ்டம்னு எப்பச் சொன்னோம்?"

"சோலார்க் கரண்டு வந்துருச்சும்மா. பகல்ல ஓட்டியாகணும்."

"சூரியனுக்குத் தக்கன நாங்க பொழப்ப மாத்த முடியுமா மொதலாளி?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பாதிப் பேர் அந்த வாரமே நின்றார்கள். மீதிப் பேர் அவளுக்காகச் சித்திரை வரைக்கும் வந்து பார்த்தார்கள்.

சித்திரையில் அந்தக் கொட்டகைக்குள் பகலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் நின்றேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் காந்துகிறது. மிஷின் வேறு சூடு கக்குகிறது. பால்சாமி டேங்கர் தண்ணீர் இறக்கித் தரையெல்லாம் ஊற்றினார். ஜன்னலுக்கு ஜன்னல் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார். எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் வண்டிக்காகக் குடத்தோடு நிற்கிறோம், இவர் நூலுக்கு ஊற்றினார். ஊற்றிய ஈரம் அரை மணி நேரத்தில் காய்ந்தது. நூல் அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு ஓட்டினார்கள். அந்த முடிச்செல்லாம் என் தறிக்கு வந்து சேர்ந்தது. ஒரு லுங்கி நெய்து இறக்குவதற்குள் தறி எத்தனை தடவை நின்றது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. தங்கமாக நூல் போட்ட மனிதர் இப்படி முள்ளுக் கம்பி மாதிரி போடுகிறாரே என்று வயிறு எரிந்தது. வைகாசியில் நான் அவரிடம் நூல் எடுப்பதை நிறுத்தினேன். என்னைப் போல மற்றவர்களும் நிறுத்தினார்கள். பாவம் பார்த்தால் தறி பார்க்குமா?

நூல் தேங்கியதும் பஞ்சு வாங்கக் கையில் பணம் இல்லை. பஞ்சு இல்லாமல் பகலிலும் பாதி மிஷின் நின்றது. வெயில் மட்டும் ஒழுங்காக வந்தது. எங்கள் ஊர் வெயில் என்றைக்குப் பொய்த்திருக்கிறது? அதற்கு உண்டானதை மாதா மாதம் இம்மானுவேலுக்குக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மில்லை விற்றுவிடுவாரோ என்று பஜாரில் பேச்சு வந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். இங்கே சூடு போட்டுக்கொண்டதே புலிதான்.

கடைசியில் பழையபடி ராத்திரி ஓட்டலாம் என்று முடிவு செய்து, பால்சாமி வெள்ளைத்தாயின் ஊருக்கே போனார். போகிற வழியில் ஒரு வேன் எதிரே வந்தது. உள்ளே வெள்ளைத்தாயும் அவள் செட்டும். வேன் மேல் வீரபாண்டி மில் பேர் எழுதியிருந்தது. அவளே வண்டியை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"அங்க ராத்திரி ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டாக மொதலாளி. வாரோம்னு வாக்குக் குடுத்துட்டோம். நீங்க வேணாம்னு சொன்ன பெறகுதேன்."

உள்ளதும் போச்சு என்று அவருக்கு உறைத்தது அந்த இடத்தில்தான். காசு போனதற்கு வருந்தவில்லை, நூல் போனதற்கு வருந்தவில்லை. தன் ஆட்கள் அவன் வேனில் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்களே என்று எரிந்தது. அதை அவரே என்னிடம் சொன்னார். "எங்கிட்ட வேல பாக்கையில இப்பிடிச் சிரிச்சதே இல்லப்பா" என்றார். சிரித்திருப்பார்கள். இவர் அன்றைக்குப் பார்த்திருக்கமாட்டார்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டியும் முருகலட்சுமியும் வீட்டுக்கு வந்தார்கள். பழம், பூ, மிக்சர் பாக்கெட். அக்காளும் தங்கச்சியும் அடுப்படிக்குப் போனதும் வீரபாண்டி செருமிக்கொண்டான்.

"அண்ணே, எனக்கு ஆர்டர் ஜாஸ்தி. மிஷின் பத்தல. ஒங்க மில்ல ராத்திரிக்கு மட்டும் எனக்குக் கூலிக்கு விடுங்க. பஞ்சு என்னது, ஆளு நம்ம வெள்ளைத்தா செட்டு, கரண்டு நான் கட்டிக்கிறேன். பகல்ல நீங்க ஒங்க சோலார ஓட்டிக்கங்க."

பால்சாமி மிக்சர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மில் பிழைத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. யாரால் பிழைக்கிறது என்பதும் தெரிந்தது.

"இருக்குற எடம் எல்லாம் விட்டுட்டு என் மில்லு எதுக்குலே ஒனக்கு?" என்று கேட்டார். மரியாதை கொஞ்சம் நழுவியது.

வீரபாண்டி சிரித்தான். "ஒங்க மில்லு மேலதேண்ணே எனக்குக் கண்ணு. நான் மில்லு கட்டுன நாள்ல இருந்து. என் கரண்டுல கால்வாசிய அந்த ஈரம் போடுற பிளான்ட்டே தின்னுரும். நீங்க பிளான்ட்டும் இல்லாம, தள்ளுபடி ரேட்டுல, ராத்திரிக் காத்துலயே நூத்துப் போடுவீக. ஒரு கிலோ நூலுக்கு ஒங்களுக்கு ஆகுற கரண்டுச் செலவு இந்த ஊர்ல எவனுக்கும் ஆகல. நீங்க ஒவ்வொரு தடவயும் பில்லு எம்புட்டுன்னு கேப்பீகள்ல, எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒங்கள முந்தணும்னுதேன் காத்தாலைக்கே போனேன். காத்தாலை வாங்கியும் ஒங்க பக்கத்துல வரல."

பால்சாமி நிமிர்ந்து பார்த்தார். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பங்குப் பத்திரம் தொங்கியது.

"இத ஏன்டா அப்பவே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க சந்தோசப்பட்ருவீகளேண்ணே."

அடுப்படியிலிருந்து இதைக் கேட்ட சந்தனம்மாள்தான் முதலில் சிரித்தாளாம். பால்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஒருவன் தன்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறான், அதில் ஒரு நாளைக்குக்கூட அனுபவிக்காமல் விட்டுவிட்டோமே என்று இருந்தது. அதைவிட, எதைப் பார்த்து அவன் எரிந்தானோ அதைத் தானே அவன் கையில் எடுத்துக் கொடுக்கப்போகிறோம் என்று இருந்தது. பேச்சு முடிந்தபோது அவர் பழக்கத்தில் துண்டை எடுத்தார். வீரபாண்டி, "நமக்குள்ள எதுக்குண்ணே" என்று கூலியை வாயாலேயே சொன்னான். நல்ல கூலிதான். பேரம் பேசக்கூட இடம் வைக்கவில்லை.

இப்போது அந்த மில் ராத்திரியில் வீரபாண்டிக்கு ஓடுகிறது. நூல் பழையபடி தங்கம். நானும் திரும்ப வாங்குகிறேன், வேறு லேபிளில். பகலில் பால்சாமி இரண்டே மிஷினைப் போட்டு, முடிச்சு விழுந்தாலும் பரவாயில்லை என்கிற, சாக்குத் தைக்கிற நூல் கொஞ்சம் ஓட்டுகிறார். இம்மானுவேலுக்குக் கட்டவேண்டியதை வீரபாண்டி தருகிற கூலி கட்டுகிறது. மாமனார் எந்த யோசனைக்கும் இப்போது சின்னவரைத்தான் கூப்பிடுகிறார். பெரியவரும் பஸ் ஏறிப் போகிறார், பாயாசம் சாப்பிடுகிறார், வருகிறார்.

விடியற்காலையில் ராத்திரி செட்டு வெளியே வரும்போது பால்சாமி கேட்டில் நிற்பார். சாவியை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாயிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ராத்திரி நூலு ரொம்ப அறுந்துச்சோ?"

"இல்ல மொதலாளி. நல்லா ஓடுச்சு" என்பாள் அவள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசமாட்டார்.

போன மாதம் நூல் எடுக்கப் போனபோது வெள்ளைத்தாய் என்னிடம் சொன்னாள். "பாவமா இருந்துச்சுய்யா. ஒருநா பொய் சொல்லிட்டேன். ராத்திரி பூரா அறுந்துக்கிட்டே கெடந்துச்சு மொதலாளி, ஒங்க மிஷினு அவுக பஞ்சுக்கு மசிய மாட்டேங்குதுன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"எங்க செட்டு முழுசுக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு."